ஜார்களின் கிரீடமும் சிம்மாசனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் கிரெம்ளினுக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். சித்தப்பா குடும்பம், நண்பனின் மாமனார் மாமியார், மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர் என்று பலரோடு அங்குள்ள ஆயுதக்கூட (ஆர்மரி) அருங்காட்சியகத்தின் அதே ஒன்பது கூடங்களைச் சுற்றிவிட்டேன். ஆட்கள் மாறுகிறார்களே தவிர கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் தொண்டை வறளப் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரையிலான அரசப் பொருட்களைப் பற்றியவை.

"ஆர்மரின்னா ஆயுதக் கிடங்குதானே? அங்கே எதுக்குக் கிரீடம், வெள்ளிப் பாத்திரம், பட்டுத் துணியெல்லாம்?"

பெயர் அப்படித்தான். ரஷ்ய மொழியில் 'ஒருஷேய்னயா பலாத்தா', அதாவது ஆயுதக்கூடம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த அரண்மனைப் பிரிவு பேசப்படுகிறது. வாள், கவசம், துப்பாக்கி செய்து பத்திரப்படுத்துவதுதான் முதல் வேலை. போகப்போகத் தங்க வேலைக்காரர்கள், வெள்ளி வேலைக்காரர்கள், சாமி படம் எழுதுபவர்கள் எல்லோரும் அந்தப் பட்டறைகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். ஜாருக்கு வேண்டிய எதுவும் அங்கேயே தயாராகும். மகா பீட்டர் தலைநகரை பீட்டர்ஸ்பர்க்குக்கு மாற்றியபோது நல்ல கைகாரர்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாஸ்கோவில் பொருட்கள் மட்டும் மிஞ்சின.

1806-ல் முதலாம் அலெக்சாந்தர் அதை அருங்காட்சியகமாக்க ஆணையிட்டார். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் கான்ஸ்தந்தீன் தோன் என்ற கட்டடக் கலைஞர் 1851-ல் முடித்துக் கொடுத்தது.

"ஜார், சக்கரவர்த்தி ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மாஸ்கோ ஆட்சியாளர்கள் முதலில் 'மகா இளவரசர்' என்ற பட்டத்தோடு இருந்தார்கள். 1547 ஜனவரியில் பதினாறு வயது இவான்தான் முதன்முதலில் 'ஜார்' என்று முடிசூட்டிக்கொண்டார். பின்னால் 'பயங்கர இவான்' என்று பெயர் வாங்கியவர் இவரே. 1721-ல் பீட்டர் 'இம்பெராத்தோர்', அதாவது சக்கரவர்த்தி என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

பட்டம் மாறியதும் தலையில் வைப்பதும் மாறியது. 1721-க்கு முன் ரோமம் வைத்த குல்லாய். அதற்குப் பின் ஐரோப்பிய பாணிக் கிரீடம்.

"அந்த முட்டை எங்கே இருக்கு? முதல்ல அதைக் காட்டுங்க."

ஃபபெர்ஜே முட்டைகளைச் சொல்கிறீர்கள். ஆயுதக்கூடத்தில் பத்து இருக்கின்றன. ஆனால் முதல் முட்டை செய்ததே 1885-ல்தான். நாம் பேசிக்கொண்டிருக்கும் காலத்துக்கு அவை பேரப்பிள்ளைகள். பார்த்துவிட்டு வாருங்கள், நான் சிம்மாசனங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

"கிரீடம்னு சொன்னீங்க, இது என்ன குளிருக்குப் போடற குல்லாய் மாதிரி இருக்கு?"

குல்லாயேதான். பெயரே 'மானமாஹின் குல்லாய்'. எட்டுத் தங்கத் தகடுகளைச் சேர்த்துக் கூம்பாக்கி, உச்சியில் சிலுவை வைத்து, கீழே சேபிள் என்ற கீரி மாதிரியான விலங்கின் ரோமத்தைச் சுற்றியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் இந்த நாட்டின் பெரிய செல்வமே அந்த ரோமம்தான். ஆகவே கிரீடத்தின் விளிம்பில் அது இருப்பதில் வியப்பில்லை.

கண்ணாடிக்கு முகத்தை ஒட்டி வைத்துத் தகடுகளைப் பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிய தங்கக் கம்பியைச் சுருள் சுருளாக வளைத்துத் தகட்டின் மேல் பற்றவைத்திருக்கிறார்கள். இடையிடையே பூ வடிவங்கள் வரும். தாமரையைக்கூட அடையாளம் கண்டுபிடிக்கலாம். மேலே பதித்திருக்கும் முத்தும் மரகதமும் சிவப்புக் கல்லும் இந்தக் கம்பி வேலையின் போக்கை மதிக்காமல் நடுவில் உட்கார்ந்திருக்கும். கம்பி வேலை ஒரு கை, கல் பதித்தது வேறு கை. உச்சியில் உள்ள சிலுவையும் பிறகு வந்ததுதான் என்கிறார்கள்.

"பைசாந்தியச் சக்கரவர்த்தி அனுப்பி வச்சதுன்னு படிச்சேனே, உண்மையா?"

கதைப்படி, பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து சக்கரவர்த்தி கான்ஸ்தந்தீன் மானமாஹ், தன் பேரன் கியேவ் இளவரசர் விளாதிமிருக்கு இதை அனுப்பினார். பேரன் என்பது சரிதான். விளாதிமிருக்கு 'மானமாஹ்' என்ற பெயரே தாய்வழியில் வந்தது. கணக்கு எங்கே உதைக்கிறது என்றால், தாத்தா இறந்தது 1055. பேரன் பிறந்தது 1053. இரண்டு வயதுக் குழந்தைக்கு, அதுவும் அரியணைக்கு வரிசையில் எங்கோ பின்னால் நின்ற குழந்தைக்கு, யாரும் கிரீடம் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இன்றைக்குப் பல ஆய்வாளர்கள் இதை 13ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். மங்கோலியர் வழிவந்த 'தங்கக் கூட்டம்' என்ற அரசின் பொற்கொல்லர்கள் செய்த வேலை அல்லது மத்திய ஆசிய வேலை என்பது அவர்கள் கணிப்பு. உஸ்பெக் கான் தனக்குக் கப்பம் வசூலித்துக் கொடுத்த மாஸ்கோ இளவரசர் இவான் கலீத்தாவுக்குக் கொடுத்த பரிசாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் வெர்னாத்ஸ்கி எழுதினார். கலீத்தாவின் உயிலில் 'தங்கக் குல்லாய்' ஒன்று வருகிறது. இதுவேதான் அது என்று பலர் நினைக்கிறார்கள்.

"அப்போ அந்தக் கதையை யாரு கிளப்பிவிட்டாங்க?"

மாஸ்கோ அரசவைதான், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போய்விட்டது. மாஸ்கோவும் கானுக்குக் கப்பம் கட்டுவதை நிறுத்தியாயிற்று. பைசாந்தியத்தின் வாரிசு நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாட்சி வேண்டும். நேற்றுவரை எஜமானாக இருந்த தாத்தாரியர் (அந்தத் தங்கக் கூட்டத்தார்) கொடுத்த குல்லாய் என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது? குல்லாய் அதேதான், ஊரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

இந்தக் கதையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கிரெம்ளினுக்குள்ளேயே உஸ்பேன்ஸ்கி தேவாலயத்துக்குப் போங்கள். பயங்கர இவான் நின்று வணங்குவதற்காக 1551-ல் செய்த மர மண்டபம் ஒன்று உள்ளே இருக்கிறது. கூரை கோபுரமாக உயர்ந்திருக்கும். பக்கங்களில் 12 செதுக்குப் பலகைகள். தூதர்கள் புறப்படுவது, பரிசுகள் வருவது, முடிசூட்டுவது என்று கதை முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் நம்பிவிடுவான்.

"பக்கத்துல இன்னொரு குல்லாய் இருக்கே, இதைவிட அழகா?"

கசான் குல்லாய். 1552-ல் இவான் வோல்கா கரையிலிருந்த கசான் கானரசைப் பிடித்தார். அதை ஒட்டிச் செய்தது இது. கடைசி கான் யெதிகேர் சிறைப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று சிமியோன் ஆனார். அவருக்காகவே செய்தது என்று ஒரு பேச்சு உண்டு. இதழ் இதழாக அடுக்கிய தங்கம், அதில் கருப்புப் பூச்சு வேலை, மாணிக்கச் சிவப்பும் பிரோஜா என்கிற நீலப்பச்சைக் கல்லும், உச்சியில் புஷ்பராகம். என் கண்ணுக்கும் இதுதான் அழகு. ஆனால் முடிசூட்டு விழாவில் பழைய குல்லாய்க்குத்தான் முதல் மரியாதை. கதை அதற்குத்தானே இருக்கிறது.

"இவான் உட்கார்ந்த சிம்மாசனம் எது?"

தந்தத் தகடு போர்த்திய நாற்காலியைத்தான் 'இவானின் சிம்மாசனம்' என்று காட்டுவார்கள். இவானின் பாட்டி சோஃபியா பைசாந்திய அரச குடும்பத்துப் பெண். 1472-ல் கல்யாணமாகி வந்தபோது சீதனமாக இதைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை. மேற்கு ஐரோப்பியக் கைவேலை, அதுவும் பிற்பட்டது என்பதே ஆய்வாளர்களில் பலரின் கருத்து. தாவீது அரசனின் கதையை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் கிரேக்கப் புராணக் காட்சிகளும் புகுந்திருக்கும். ஒழுங்காக ஒரே பட்டறையில், ஒரே நோக்கத்தில் செய்ததுபோல இல்லை. இருந்தாலும் 1856-ல் இரண்டாம் அலெக்சாந்தர் முடிசூட்டிக்கொண்டபோதுகூட இதையே கொண்டுவந்து போட்டார்கள்.

"எந்தச் சிம்மாசனத்தைக் கேட்டாலும் வெளிநாட்டுக்காரன் கொடுத்ததுன்னு சொல்றீங்க. இவங்க எதுவுமே செய்யலையா?"

செய்தார்கள், அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஆனால் சொல்வது சரி. குட்டையான முதுகு வைத்து, தங்கத் தகடு போர்த்தி, பிரோஜாவும் சிவப்புக் கல்லும் இறைத்த சிம்மாசனம் பாரசீக ஷா அப்பாஸ் 1604-ல் ஜார் பரீஸ் கதுனோவுக்கு அனுப்பியது. துருக்கிய சுல்தானுக்கு எதிராகக் கூட்டாளி தேடிய காலம் அது.

பக்கத்தில் வைரம் மினுக்குவது ஜார் அலெக்செய் மிகாயிலோவிச்சின் சிம்மாசனம். 900-க்குக் கொஞ்சம் குறைவாக வைரங்கள். இதைக் கொடுத்தது அரசன்கூட இல்லை. இஸ்ஃபஹான் பக்கத்து நியூ ஜுல்ஃபாவிலிருந்த ஆர்மீனிய வியாபாரிகள் 1660-ல் கொண்டுவந்தார்கள். பாரசீகப் பட்டை ரஷ்யா வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும், அதற்கான காணிக்கை. 1667-ல் ஒப்பந்தம் கிடைத்தது. முதுகுச் சாய்மானத்தில் லத்தீன் மொழியில் ஜாரைப் புகழ்ந்து தைத்திருப்பதைப் பாருங்கள். பாரசீகத்து ஆர்மீனியர், ரஷ்ய ஜாருக்கு, லத்தீனில்! கீழே பக்கவாட்டில் வேட்டைக் காட்சிகளும் யானைகளும் உண்டு. நம்மூர்க் குழந்தைகள் யானையைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

"ரெண்டு சீட்டு வச்ச சிம்மாசனம் எதுக்கு? ராஜாவும் ராணியுமா?"

அண்ணனும் தம்பியும். 1682-ல் ஜார் ஃபியோதர் வாரிசில்லாமல் இறந்தார். தம்பிகளில் இவானுக்கு 15 வயது, உடம்பு சரியில்லை. பீட்டருக்கு 10 வயது, துறுதுறுப்பு. இருவருக்கும் தாய்மார் வேறு, இரண்டு தாய்வீட்டாருக்கும் பகை. மாஸ்கோவில் ரத்தம் சிந்திய பிறகு, இருவருமே ஜார், அக்கா சோஃபியா பொறுப்பாட்சி என்று முடிவானது. 1682-84 வாக்கில் கிரெம்ளின் பட்டறையில் இந்த வெள்ளிச் சிம்மாசனத்தைச் செய்தார்கள். முறுக்குப் பிழிந்தது மாதிரியான தூண்கள், நடுவில் இரண்டு இருக்கை.

கவனிக்க வேண்டியது முதுகுப் பக்கம். பீட்டர் உட்காரும் பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு. அதைத் திரையால் மூடியிருப்பார்கள். பின்னால் மறைவாக ஒருவர் உட்கார்ந்து, தூதர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று காதில் ஓதுவதற்கு இந்த ஏற்பாடு என்று சொல்லப்படுகிறது. 1683-ல் சுவீடன் தூதுக்குழுவோடு வந்த கேம்ப்ஃபர் என்ற மருத்துவர் சகோதரர்களை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அண்ணன் தலையைக் குனிந்தபடி அசையாமல் இருந்தாராம். உங்கள் மன்னர் நலமா என்று முறைப்படி எழுந்து விசாரிக்கும் கட்டத்தில் தம்பி துள்ளி எழ, அண்ணன் எழும்வரை பொறுக்கச் சொல்லிப் பெரியவர்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்ததாம்.

"ரெண்டு ராஜான்னா குல்லாய் ஒண்ணுதானே இருந்துச்சு?"

நல்ல கேள்வி, எல்லோரும் கேட்பதில்லை. மானமாஹின் குல்லாய் மூத்தவர் இவானுக்குப் போனது. பீட்டருக்காக அவசர அவசரமாக அதே மாதிரி இன்னொன்று செய்தார்கள். அதற்குப் பெயர் 'இரண்டாம் ஜோடிக் குல்லாய்'. இரண்டும் காட்சியில் இருக்கின்றன. கம்பி வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதில் தகடு வெறுமையாக இருக்கும், செய்ய நேரமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அசல் குல்லாயால் முடிசூட்டப்பட்ட கடைசி ஆள் அந்த இவான்தான். அடுத்த முடிசூட்டு விழா 1724-ல் பீட்டரின் மனைவி கத்தரீனாவுக்கு நடந்தது. அதற்குள் குல்லாய் வழக்கொழிந்துபோய், புதுக் கிரீடம் வந்துவிட்டது.

"இவ்வளவு வைரமும் நம்ம நாட்டு வைரம்தானாமே?"

17ஆம் நூற்றாண்டுப் பொருட்களில் இருப்பவை என்றால் அநேகமாக ஆம். 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு வந்த வைரம் இந்தியாவிலிருந்துதான், கொஞ்சம் போர்னியோவிலிருந்து. இந்தியா என்றால் முக்கியமாகக் கிருஷ்ணா நதிப் படுகை, கோல்கொண்டா வியாபாரிகள் வழி.

இதில் முகவரியோடு இருப்பது 'ஷா' வைரம். 88.7 காரட். ஆனால் இது ஆயுதக்கூடத்தில் இல்லை. அதே கட்டடத்திலிருக்கும் வைர நிதியகம் என்ற தனிக் காட்சியகத்தில் இருக்கிறது. விரல் மாதிரி நீளமான கல், பட்டை தீட்டாமல் மெருகு மட்டும் போட்டது. கழுத்துப் பக்கம் மெல்லிய பள்ளம் ஒன்று சுற்றி ஓடும், கயிறு கட்டித் தொங்கவிட. கல்லிலேயே மூன்று பெயர்கள் பொறித்திருக்கின்றன: அகமத்நகரின் புர்ஹான் நிஜாம் ஷா, மொகலாய ஷாஜகான், பாரசீகத்தின் ஃபத் அலி ஷா. வைரத்தில் எழுத்துப் பொறிக்க வைரத்தூள்தான் வேண்டும், எத்தனை மாதம் தேய்த்தார்களோ. 1829-ல் தெஹ்ரானில் ரஷ்யத் தூதர் கிரிபயேதவைக் கும்பல் கொன்ற பிறகு, ஜாரைச் சமாதானப்படுத்த வந்த பரிசுகளோடு இதுவும் வந்தது.

"ஸ்ரீரங்கம் பெருமாள் கண்ணுல இருந்த வைரம் இங்கேதான் இருக்குன்னு சொல்றாங்களே!"

இதைக் கேட்காமல் திருச்சிக்காரர் யாரும் திரும்பியதில்லை. பேசப்படுவது ஓர்லோவ் வைரம். 189.62 காரட், லேசான நீலப்பச்சைச் சாயல், பாதியாக வெட்டிய முட்டை மாதிரி வடிவம். மகா கத்தரீனாவின் (பீட்டரின் மனைவி அல்ல, பின்னால் வந்த அரசி) செங்கோல் உச்சியில், கழுகுக்குக் கீழே பதித்திருக்கிறார்கள். இதுவும் வைர நிதியகத்தில்தான்.

கதை இப்படி: கர்நாடகப் போர் சமயத்தில் பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிய சிப்பாய் ஒருவன் பக்தன் வேஷம் போட்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் நுழைந்து, சிலையின் ஒரு கண்ணைப் பெயர்த்துக்கொண்டு சென்னைக்கு ஓடி, ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் விற்றான். அங்கிருந்து கைமாறிக் கைமாறி ஐரோப்பா. பிரெஞ்சுப் படை 1750-களின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கம் தீவில் முகாம் போட்டிருந்தது உண்மை. ஆனால் திருட்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. பழைய ஐரோப்பிய நூல்களில் இந்தக் கதை 'ஸ்ரீரங்கத்து பிரம்மா சிலையின் கண்' என்றே வரும். அரங்கனைச் சேவித்த யாரும் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். கதை சொன்னவர் கோயிலுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

இன்னொரு கட்சி, ரஷ்யக் கனிமவியலாளர் ஃபெர்ஸ்மான் உட்பட, இதுதான் தொலைந்துபோன 'மகா மொகல்' வைரம் என்கிறது. 1665-ல் ஔரங்கசீப்பின் அவையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே, பாதி முட்டை வடிவம் என்றுதான் எழுதினார். அவர் சொன்ன எடை 280 காரட், அங்கேதான் இடிக்கிறது. 1739-ல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியபோது பாரசீகத்துக்குப் போய், பிறகு ஆர்மீனிய வியாபாரிகள் வழியாக ஆம்ஸ்டர்டாமுக்கு வந்திருக்கலாம் என்பது ஊகம். அதன்பின் நடந்தது தெளிவு. 1773-ல் கிரிகோரி ஓர்லோவ் கோமகன், மனம் விலகிப்போன கத்தரீனாவுக்கு இதைப் பரிசளித்தார். வைரத்தை அரசி வைத்துக்கொண்டார். ஓர்லோவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

"கோயில் சொத்துன்னா திருப்பிக் கேட்கலாமே?"

கேட்க வேண்டுமானால் கோயிலிலிருந்து போனது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். மேலே சொன்னதுபோல கதை மட்டும்தான் இருக்கிறது. இந்தியக் கல் என்பதில் சந்தேகமில்லை. யாருடைய கல் என்பதற்குப் பதில் இல்லை.

"பெரிய கிரீடத்து உச்சியில இருக்கிற சிவப்புக் கல் எத்தனை காரட் ரூபி?"

398.72 காரட், ஆனால் ரூபி இல்லை. ஸ்பினெல். இரண்டுக்கும் சிவப்பு நிறம் கொடுப்பது குரோமியம்தான். அதனால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இவற்றை அறிவியல் முறைப்படி பிரித்தறிந்தார்கள். பிரிட்டிஷ் கிரீடத்தில் 'கருப்பு இளவரசனின் ரூபி' என்று பெயர் வாங்கிய கல்லும் ஸ்பினெல்தான். ஆகவே இவர்கள் மட்டும் ஏமாறவில்லை. ஜார் அலெக்செய் அனுப்பிய தூதர் நிகலாய் ஸ்பஃபாரி 1670-களில் பெய்ஜிங்கில் வாங்கி வந்த கல் என்பது வழிவழியாக வரும் தகவல்.

இந்தக் கிரீடத்தை 1762-ல் கத்தரீனாவுக்காக எக்கார்ட், போசியே என்ற இரு நகைக்கலைஞர்கள் செய்தார்கள். 4,936 வைரம், 75 முத்து. ஏறக்குறைய 2 கிலோ. விழா மணிக்கணக்கில் நடக்கும். கழுத்து என்ன பாடுபட்டிருக்கும்! 1896-ல் இரண்டாம் நிகலாய் வரை எல்லோர் தலையிலும் இதுதான் ஏறியது.

"கிறிஸ்தவ ராஜா ஹெல்மெட்டுல குர்ஆன் வசனமா? வீடியோவுல பார்த்தேன், புளுகுதானே?"

புளுகில்லை. 'யெரிகோ குல்லாய்' என்ற எஃகுத் தலைக்கவசம், 1621-ல் ஜார் மிகாயிலுக்காக ஆயுதக்கூடத்தின் தலைசிறந்த கொல்லர் நிகீத்தா தவீதோவ் முடித்தது. விளிம்பைச் சுற்றி அரபு எழுத்து ஓடுகிறது: இறைவனின் உதவியும் விரைவில் வெற்றியும் உண்டென்று நம்பிக்கையாளருக்கு நற்செய்தி சொல் என்ற பொருளில். மூக்குக் காப்பின் நுனியைப் பார்த்தால் மிக்கேல் தேவதூதர் வண்ணப் பூச்சில் நிற்பார். இரண்டும் ஒரே கவசத்தில், ஒரு சாண் இடைவெளியில்.

காரணம் எளிது. அந்தக் காலத்தில் நல்ல எஃகு என்றால் துருக்கி, பாரசீகம். அரபு எழுத்தை உயர்ந்த சரக்கின் முத்திரையாக, அழகுக் கோலமாகவே பார்த்தார்கள். யாரும் அர்த்தம் தேடவில்லை. சிக்கல் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. இதை 13ஆம் நூற்றாண்டு வீரர் அலெக்சாந்தர் நேவ்ஸ்கியின் கவசம் என்று நம்பி, சாம்ராஜ்யச் சின்னத்திலேயே வரைந்துவிட்டார்கள். அந்த வீடியோக்கள் இன்னும் நேவ்ஸ்கி பெயரைத்தான் சொல்கின்றன. குல்லாய்க் கதை மாதிரியேதான் இதுவும்.

"பாலாடை மாதிரி ஒண்ணு தங்கத்துல இருக்கே, குழந்தைக்குப் பால் கொடுக்கவா?"

மதுரையிலிருந்து வந்த ஒரு அத்தை கேட்டது. இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை. பெயர் 'கோவ்ஷ்'. படகு மாதிரி உடம்பு, ஒரு பக்கம் தூக்கிய கைப்பிடி. தேன் மது மொண்டு குடிக்கும் பாத்திரம். முதலில் மரத்தில், நீர்ப்பறவை வடிவில் செதுக்கினார்கள். ஜார் வீட்டுக்கு வந்ததும் பொன்னானது, முத்து ஏறியது. பிற்பாடு யாரும் அதில் குடிக்கவில்லை. நல்ல சேவை செய்த கொசாக் தலைவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் பெயர் பொறித்துக் கொடுக்கும் கேடயம் மாதிரி ஆகிவிட்டது.

"இங்கிலாந்து வெள்ளிச் சாமானைப் பார்க்க இங்கிலாந்துக்காரனே இங்கே வர்றானாமே?"

ஆமாம். 1555-ல் லண்டனில், ரஷ்யாவோடு வியாபாரம் செய்ய மஸ்கோவி கம்பெனி தொடங்கியபின் வியாபாரச் சலுகைக்காகத் தூதர்கள் வெள்ளியும் பொன்முலாமுமாக அள்ளி வந்தார்கள். 1640-களில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் வந்தபோது அரண்மனை வெள்ளி பெரும்பாலும் உருக்கும் உலைக்குப் போய் நாணயமானது. வெளியே போனது மட்டும் தப்பியது.

ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரண்டு சிறுத்தைகளைப் பாருங்கள். 1600-01-ல் லண்டனில் செய்தவை, பரிசாக வந்தவையல்ல. ஆங்கிலேய அரச கஜானா பணமுடையில் விற்றது, ரஷ்யர்கள் 1629-ல் அர்ஹாங்கெல்ஸ்கில் காசு கொடுத்து வாங்கினார்கள். தலையைக் கழற்றலாம், உள்ளே மது ஊற்றலாம்.

"இந்தச் சாரட்டுல டிரைவர் எங்கே உட்காருவான்?"

உட்கார இடமே இல்லை. முதலாம் ஜேம்ஸ் மன்னர் பரீஸ் கதுனோவுக்கு 1604 வாக்கில் அனுப்பிய வண்டி இது. முன்சக்கரம் திரும்பும் ஏற்பாடும் கிடையாது. நேராகப் போகும், அவ்வளவுதான். மூலையில் திருப்ப வேண்டுமென்றால் ஆட்கள் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்த வேண்டும். ஏர்ப்போர்ட்டில் ஒரு சக்கரம் மக்கர் பண்ணும் டிராலி ஞாபகம் வரும். கதுனோவ் அதிகம் அனுபவிக்கவும் இல்லை, 1605-ல் இறந்துவிட்டார்.

அதே கூடத்தில் எலிசவேத்தா அரசி 1742-ல் முடிசூட்டுக்காக பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பனியில் வந்த சறுக்குவண்டி நிற்கிறது. சின்ன அறை அளவு இருக்கும். 23 குதிரைகள் இழுத்தன என்பார்கள்.

"பயங்கர இவான் நிஜமா எப்படி இருந்தாரு? மகனைக் கொன்னுட்டு முழிக்கிற படம்தான் பார்த்திருக்கேன்."

அது ரஷ்ய ஓவியர் ரேப்பின் 1885-ல் தீட்டியது, சம்பவம் நடந்து 300 வருஷம் கழித்து. இவான் காலத்தில் ரஷ்யாவில் உயிரோடிருப்பவரை எதிரில் உட்காரவைத்து வரையும் வழக்கமே ஏறக்குறைய இல்லை. சாமி படம்தான். 17ஆம் நூற்றாண்டில்தான் 'பார்சூனா' என்ற ஒரு வகை வருகிறது. 'பெர்சோனா' என்ற லத்தீன் சொல் மருவியது. முகம் மனித முகம், மற்றதெல்லாம் சாமி படத்தின் விறைப்பு. 1963-ல் இவானின் கல்லறையைத் திறந்து, மண்டையோட்டை வைத்து மானுடவியலாளர் கெராசிமோவ் ஒரு மார்பளவுச் சிலை செய்தார். அதுதான் நமக்குக் கிடைக்கும் நெருக்கமான முகம்.

இந்த மாற்றத்தை ஒரே படத்தில் பார்க்க வேண்டுமானால் த்ரெத்யகோவ் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். ஆயுதக்கூடத்து ஓவியர் சிமோன் உஷகோவ் 1668-ல் எழுதிய 'மாஸ்கோ அரசின் மரம்'. கிரெம்ளின் சுவருக்குள் நாம் மேலே பார்த்த அதே இவான் கலீத்தாவும் ஒரு ஆயரும் செடி நடுகிறார்கள். அது தேவாலயக் கூரையைத் தாண்டி வளர்ந்து மாதாவின் படத்தைச் சுற்றிக் கொடியாகப் படர்கிறது. ஓரத்தில் ஜார் அலெக்செய், எதிர்ப்பக்கம் அரசி, இரண்டு பையன்கள். படம் வரைந்தபோது உயிரோடு இருந்தவர்கள், சாமி படத்துக்குள்ளேயே.

"ஆம்பர் ரூம் டூப்ளிகேட்தானே?"

சுவரெல்லாம் ஆம்பர் என்ற மஞ்சள் பிசின்கல் தகடு பதித்த அறையைக் கேட்கிறீர்கள். இன்றைக்கு பீட்டர்ஸ்பர்க் பக்கத்து த்ஸார்ஸ்கயே செலோ அரண்மனையில் இருப்பது 2003-ல் முடித்த மறுபடைப்பு. 1716-ல் பிரஷ்ய மன்னர் பீட்டருக்கு அசல் தகடுகளைக் கொடுத்தார். பதிலுக்குப் பீட்டர் 55 நெட்டைச் சிப்பாய்களை அனுப்பினார். அந்த மன்னருக்கு உயரமான சிப்பாய் என்றால் உயிர். 1941-ல் நாஜிகள் கழற்றிக் கோனிக்ஸ்பெர்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1945-க்குப் பின் தடயமில்லை. ஒரு கல்லோவியமும் ஒரு இழுப்பறை மேசையும் மட்டும் 1997-ல் ஜெர்மனியில் அகப்பட்டன.

"போல்ஷ்விக்குகள் எல்லாத்தையும் வித்துட்டாங்களாம், அப்போ இங்கே இருக்கிறது அசலா?"

1917 புரட்சியில் ஆட்சியைப் பிடித்த அவர்கள் நிறைய விற்றார்கள், மறுப்பதற்கில்லை. அரச நகைகளில் ஒரு பகுதி 1927-ல் லண்டனில் ஏலம் போனது. அரசக் கல்யாணங்களில் மணப்பெண் அணிந்த கிரீடம் இப்போது வாஷிங்டனில் ஹில்வுட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் குல்லாய்கள், சிம்மாசனங்கள், 1762-ன் பெரிய கிரீடம், ஓர்லோவ் செங்கோல் எல்லாம் தங்கின. அவை அசல்தான்.

உண்மையில் பழைய கிரீடங்களுக்குப் பெரிய சேதம் 1610-12-ல் நடந்தது. போலந்துப் படை கிரெம்ளினுக்குள் இருந்தது, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. கிரீடங்களையே உடைத்துக் கல்லும் பொன்னுமாகக் கொடுத்தார்கள். மானமாஹின் குல்லாய் அதிலும் தப்பியது. 1812-ல் நெப்போலியன் வருமுன் எல்லாவற்றையும் நீஷ்னி நோவ்கரதுக்கும், 1941-ல் உரால் பக்கம் ஸ்வெர்த்லோவ்ஸ்குக்கும் ஏற்றி அனுப்பினார்கள்.

"எங்களுக்கு ஒரு நாள்தான் இருக்கு. எப்படிப் பார்க்கிறது?"

வியாழக்கிழமை வேண்டாம், விடுமுறை. ஆயுதக்கூடத்துக்கும் வைர நிதியகத்துக்கும் தனித்தனி டிக்கெட். குல்லாய், சிம்மாசனம், சாரட்டு, சிறுத்தை முதலில் சொன்னதில். பெரிய கிரீடம், ஓர்லோவ், ஷா இரண்டாவதில். இரண்டாவதில் போட்டோ எடுக்க விடமாட்டார்கள், கெஞ்சிப் பார்த்துப் பயனில்லை. நேரமில்லை என்றால் ஆயுதக்கூடம் மட்டும் போதும் என்பேன், ஸ்ரீரங்கத்துக்காரர்கள் தவிர. குளிர்காலத்தில் கோட்டைக் கீழே கொடுத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். போன ஜனவரியில் ஒரு மாமா அதைத் தொலைத்துவிட்டார். எல்லோரும் வாங்கிப் போகும்வரை நாங்கள் கடைசி ஆளாக நின்றோம்.